மேடையில் பதிவான ப்ளூஸ்: இசை விழா ஒலிப்பதிவுகளின் வளர்ச்சி, 1960–1972

முன்னுரை

ப்ளூஸ் இசையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோ இசைத்தட்டுகளையே முதன்மைச் சான்றாகக் கொண்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1920-இல் மேமி ஸ்மித் ஓகே நிறுவனத்துக்காகப் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ பெரும் விற்பனை கண்ட பிறகு, அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களுக்கென்று தனிப் பட்டியல்களே வெளியிடத் தொடங்கின. பாடியவர் யார், எந்த ஊரில் பதிவானது, தட்டின் எண் என்ன என்ற விவரங்கள் நிறுவனப் பேரேடுகளில் ஏறின. ஆய்வாளருக்கு இதைவிட வசதியான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் ப்ளூஸ் வாழ்ந்த இடம் ஸ்டுடியோ அல்ல. மிசிசிப்பிப் பருத்தித் தோட்டங்களை ஒட்டியிருந்த ஜூக் ஜாயின்ட் எனப்படும் குடி, கூத்துக் கொட்டகைகளிலும், சனிக்கிழமை இரவு வீட்டு விருந்துகளிலும், சிகாகோவின் தெற்கு, மேற்குப் பகுதிக் கிளப்புகளிலும் அது வாழ்ந்தது. அங்கே ஒரு பாட்டின் நீளத்தை ஆடுகிறவர்களின் கால்கள் முடிவு செய்தன. பாடகர் ஒரு வரி பாடினால் கூட்டத்திலிருந்து ஒரு குரல் பதில் சொல்லும். அந்தப் பதிலை வைத்து அடுத்த வரி பிறக்கும். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. சுமார் மூன்று நிமிடத்துக்குள் பாட்டு முடிந்தாக வேண்டும்.

இந்தக் குறையை முதன்முதலில் பெரிய அளவில் ஈடுசெய்தவை இசை விழாக்களில் எடுக்கப்பட்ட நேரடி ஒலிப்பதிவுகள். 1960-க்கும் 1972-க்கும் இடைப்பட்ட காலத்தில் இவ்வகைப் பதிவு எப்படி வளர்ந்தது என்பதை நியூபோர்ட் ஜாஸ் விழா, ஐரோப்பாவில் நடந்த அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல், நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா, ஆன் ஆர்பர் விழா ஆகிய நான்கையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நேரடிப் பதிவு என்பதாலேயே அது உள்ளதை உள்ளபடி காட்டிவிடாது என்பது இக்கட்டுரையின் வாதம். பதிவு செய்தவர் யார், யாருக்காகச் செய்தார் என்பதைப் பொறுத்து நாம் கேட்கும் ப்ளூஸும் மாறுகிறது.

விழாவுக்கு முந்தைய நிலை

ஸ்டுடியோவுக்கு வெளியே ப்ளூஸைப் பதிவு செய்யும் முயற்சி 1960-க்கு முன்பே இருந்தது. 1941-இலும் 1942-இலும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வொர்க்கும் மிசிசிப்பி டெல்டாவில் களப்பணி செய்தார்கள். கிளார்க்ஸ்டேலுக்கு அருகே ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மக்கின்லி மார்கன்ஃபீல்டை அப்போதுதான் பதிவு செய்தார்கள். அவர்தான் பின்னாளில் மடி வாட்டர்ஸ் என்று உலகம் அறிந்தவர். தன் குரலைத் தானே முதன்முறையாக இசைத்தட்டில் கேட்ட அனுபவம் அவருக்குப் பெரிய ஊக்கமாக அமைந்தது. 1943-இல் அவர் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்.

களப்பதிவு ஆவணக் காப்பகத்துக்குப் போனது. ஸ்டுடியோப் பதிவு கடைக்குப் போனது. இவை இரண்டும் சந்திக்க ஒரு புதிய சாதனம் தேவைப்பட்டது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நெடுநேர இசைத்தட்டு, அதாவது எல்பி, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேல் இடம் தந்தது. காந்த ஒலிநாடா பரவியதால், இடையில் நிறுத்தாமல் ஒரு முழு நிகழ்ச்சியையும் பதிவு செய்ய முடிந்தது. ஜாஸ் உலகம் 1950-களிலேயே இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டது. ப்ளூஸ் அப்போதும் ஒற்றைப் பாட்டுத் தட்டுகளின் வணிகமாகவே இருந்தது. அதை வாங்கியவர்கள் கறுப்பின உழைக்கும் மக்கள். எல்பி வாங்கிய வெள்ளையின இளைஞர்கள் ப்ளூஸை நோக்கித் திரும்பிய பிறகுதான் விழாப் பதிவுக்குச் சந்தை உருவானது. இந்தப் பொருளாதாரப் பின்னணி இல்லாமல் அடுத்து வருபவற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

நியூபோர்ட் 1960: கலவரத்துக்கு மறுநாள்

ரோட் தீவு மாநிலத்தில் உள்ள நியூபோர்ட் ஒரு கடற்கரைச் செல்வந்தர் நகரம். ஜார்ஜ் வைன் 1954 முதல் அங்கே ஜாஸ் விழா நடத்திவந்தார். 1960 விழாவின் ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சி ப்ளூஸுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதைத் தொகுத்து வழங்கும் பொறுப்பு கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸிடம் இருந்தது.

ஜூலை 2, சனிக்கிழமை இரவு, உள்ளே நுழைய இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நகரத் தெருக்களில் கலவரத்தில் இறங்கினார்கள். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது; தேசியக் காவல் படையும் வரவழைக்கப்பட்டது. எஞ்சிய நிகழ்ச்சிகளை ரத்து செய்ய நகர மன்றம் முடிவெடுத்தது. ஜூலை 3 பிற்பகல் ப்ளூஸ் நிகழ்ச்சிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அமெரிக்க அரசின் தகவல் நிறுவனம் விழாவைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது. மேடையில் ஜான் லீ ஹூக்கர், ஜிம்மி ரஷ்ஷிங் போன்றோர் பங்கேற்றனர். மடி வாட்டர்ஸ் தன் சிகாகோக் குழுவோடு வந்திருந்தார்: பியானோவில் ஓட்டிஸ் ஸ்பான், ஹார்மோனிகாவில் ஜேம்ஸ் காட்டன், கிட்டாரில் பாட் ஹேர், பேஸில் ஆண்ட்ரூ ஸ்டீவன்ஸ், டிரம்ஸில் ஃபிரான்சிஸ் கிளே.

செஸ் இசைத்தட்டு நிறுவனம் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்து அதே ஆண்டு நவம்பரில் ‘மடி வாட்டர்ஸ் அட் நியூபோர்ட் 1960’ என்று வெளியிட்டது. இந்தப் பதிவில் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ‘காட் மை மோஜோ வொர்க்கிங்’ என்ற பாட்டு. 1950-களின் நடுவில் அவர் ஸ்டுடியோவில் பதிவு செய்த வடிவம் விற்பனைப் பட்டியலில் ஏறவில்லை. நியூபோர்ட் மேடையில் அதே பாட்டு வேறொரு பொருளாக மாறியது. கிளேயின் டிரம்ஸ் வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாடகர் சொல்லும் தொடரை உடன் வந்த இசைஞர்கள் உரத்துத் திருப்பிச் சொல்கிறார்கள். முதலில் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தின் ஓசை சிறிது சிறிதாக ஏறுகிறது. பாட்டு முடிகிறது, கைதட்டல் ஓயவில்லை, அதே பாட்டு மறுபடியும் தொடங்குகிறது. எல்பியில் இது இரண்டாம் பகுதியாக இடம்பெற்றிருக்கிறது. படச்சுருளில் மடி வாட்டர்ஸ் ஜேம்ஸ் காட்டனைப் பிடித்து இழுத்து மேடையிலேயே சுழன்று ஆடுகிறார். பதிவுக் கூடத்துச் சுவர்களுக்குள் இது நடந்திருக்க வாய்ப்பில்லை. ரசிகர் மறுபடி கேட்டதும், கலைஞர் கொடுத்ததும் பாட்டின் வடிவத்தையே நீட்டியிருக்கின்றன. அந்த நீட்சிதான் நேரடிப் பதிவின் முதல் கொடை.

இரண்டாவது கொடை நிகழ்ச்சியின் முடிவில் வருகிறது. விழா இத்தோடு நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், ஹ்யூஸ் கையில் கிடைத்த தந்திப் படிவத்தில் ஒரு பாட்டை அங்கேயே எழுதி இசைஞர்களிடம் கொடுத்தார். நியூபோர்ட்டுக்கு விடைசொல்லும் பாட்டு அது. களைத்திருந்த மடி வாட்டர்ஸுக்குப் பதிலாக ஸ்பான் அதைப் பாடினார். மெதுவான பன்னிரண்டு மாத்திரைக்கட்டு ப்ளூஸ் அமைப்புக்குள், அந்த நாளின் செய்தி அந்த நாளிலேயே பாட்டாகிவிட்டது. வெள்ளத்தையும் பஞ்சத்தையும் சிறைவாசத்தையும் உடனுக்குடன் பாடிய பழைய ப்ளூஸ் மரபு அந்தப் பதிவில் கண்முன்னே இயங்குகிறது.

இப்பதிவின் எல்லையையும் சொல்ல வேண்டும். மடி வாட்டர்ஸ் அந்நாளில் சிகாகோக் கிளப்புகளில் இரவெல்லாம் வாசித்தவர். எல்பியில் இருப்பதோ அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடிய தொகுப்பு. உறையில் அவர் கையில் இருப்பது ஜான் லீ ஹூக்கரின் கிட்டார். மடி வாட்டர்ஸ் அன்று வாசித்தது வேறு. ஜாஸ் விழாவுக்கு வரும் வெள்ளையினக் கேட்போருக்கு ஏற்றபடி கலைஞர் தேர்ந்த பாட்டுகளும், நிறுவனம் தேர்ந்த வரிசையும் சேர்ந்த தயாரிப்பு இது.

ஐரோப்பிய மேடை: அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல்

1958-இல் மடி வாட்டர்ஸ் முதன்முறையாக இங்கிலாந்து சென்றபோது, அவருடைய மின்கிட்டாரின் ஓசை அங்கிருந்த ரசிகர் பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. ப்ளூஸ் என்றால் மர கிட்டாரோடு தனியாக உட்கார்ந்து பாடும் கிராமத்துக் கலை என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். இந்த எதிர்பார்ப்பு ஐரோப்பாவில் நடந்த விழாக்களின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது.

ஜெர்மானிய ஜாஸ் விமர்சகர் யோவாகிம் எர்ன்ஸ்ட் பெரென்ட்டின் யோசனையை ஏற்று, ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த ஹார்ஸ்ட் லிப்மன், ஃபிரிட்ஸ் ரௌ என்ற நிகழ்ச்சி அமைப்பாளர்கள் 1962-இல் இந்தச் சுற்றுப்பயண விழாவைத் தொடங்கினார்கள். சிகாகோவில் கலைஞர்களைத் திரட்டிக் கொடுத்தவர் வில்லி டிக்சன். அவர் பேஸ் வாசிப்பவர், பாடலாசிரியர், செஸ் நிறுவனத்தின் தயாரிப்பாளர். முதல் ஆண்டு மெம்ஃபிஸ் ஸ்லிம், டி-போன் வாக்கர், ஜான் லீ ஹூக்கர், சன்னி டெரி, பிரவுனி மக்கீ, ஹெலன் ஹ்யூம்ஸ் ஆகியோர் வந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்த நிகழ்ச்சியைக் கேட்க லண்டனிலிருந்து வண்டி பிடித்துப் போன இளைஞர்களில் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், பிரையன் ஜோன்ஸ், ஜிம்மி பேஜ் ஆகியோர் இருந்தார்கள்.

செவ்வியல் இசை ஒலிக்கும் அரங்குகளில், அதே மதிப்போடு ப்ளூஸ் ஒலிக்க வேண்டும் என்பது லிப்மன், ரௌ இருவரின் பிடிவாதம். தன் நாட்டில் இனப்பாகுபாட்டால் உணவு விடுதிக்குள்கூட நுழைய முடியாத கலைஞர், ஐரோப்பாவின் பெரிய மண்டபத்தில் ஆயிரம் பேர் மௌனமாகக் கேட்கப் பாடினார். அந்த மரியாதையின் பயனை அளவிட முடியாது. மெம்ஃபிஸ் ஸ்லிம் பாரிஸிலேயே குடியேறினார்; 1965-இல் வந்த எடி பாய்ட் ஐரோப்பாவில் தங்கி, இறுதியில் ஹெல்சிங்கியில் வாழ்ந்தார்.

இந்த மதிப்போடு கூடவே ஒரு மாற்றமும் வந்தது. ஒரே இரவில் எட்டு, பத்துக் கலைஞர்கள் பாட வேண்டியிருந்ததால் ஒவ்வொருவருக்கும் சில பாட்டுகளே கிடைத்தன. ஆடுவோர் இல்லை, குறுக்கே பதில் சொல்லும் குரல்கள் இல்லை, பாட்டு முடிந்தபின் ஒழுங்கான கைதட்டல் உண்டு. 1963-இல் பிரேமன் நகரிலும், 1964-இல் ஹாம்பர்க்கிலும் பதிவாகி ஃபோன்டானா வெளியிட்ட எல்பிகளில் இந்த ஒழுங்கு தெளிவாகக் கேட்கிறது. நியூபோர்ட் 1960 பதிவையும் இவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், கூட்டத்தின் ஓசை எவ்வளவு பெரிய இசைக்கூறு என்பது புரியும். விழாவின் பெயரில் வந்த தட்டுகள் எல்லாமே மேடையில் பதிவானவையும் அல்ல. சில, பயணத்தின் இடையே ஸ்டுடியோவில் பதிவானவை.

எதிர்பார்ப்புக்கும் கலைக்கும் இடையே இருந்த இழுபறிக்கு மடி வாட்டர்ஸே நல்ல எடுத்துக்காட்டு. 1958-இன் அனுபவத்தை மனத்தில் வைத்து 1963-இல் அவர் மர கிட்டாரோடு இங்கிலாந்து வந்தார். அதற்குள் அங்கே ஒரு புதிய தலைமுறை உருவாகி, மின்கிட்டாரைக் கேட்கக் காத்திருந்தது.

விழாவின் பக்க விளைவாகப் பிறந்த பதிவுகளும் முக்கியமானவை. ப்ளூஸ் பாடகர் ஜே. பி. லெனோயரின் ‘அலபாமா ப்ளூஸ்’ தொகுப்பை 1965-இல் லிப்மன் தயாரித்தார். தென்மாநிலங்களின் இனக்கொடுமையை நேராகச் சாடும் அந்தப் பாட்டுகள் அப்போது அமெரிக்காவில் வெளிவரவில்லை; ஐரோப்பாவில் வெளிவந்தன. 1964-இலும் 1966-இலும் விழாக் கலைஞர்கள் கிழக்கு பெர்லினுக்கும் சென்றார்கள். அங்கே அரசு நிறுவனமான அமிகா அவர்களைப் பதிவு செய்து வெளியிட்டது. பனிப்போரின் இரு பக்கமும் ஒரே கலைஞரின் குரல் இசைத்தட்டாகப் போய்ச் சேர்ந்தது.

கேமராவின் முன்னால்

இந்த விழாவின் மிகப் பெரிய சொத்து தொலைக்காட்சிப் பதிவுகள். பாடன்-பாடனில் இருந்த ஸ்யூட்வெஸ்ட்ஃபுங்க் ஒலிபரப்பு நிறுவனம் கலைஞர்களைத் தன் ஸ்டுடியோவுக்கு வரவழைத்துப் படம்பிடித்தது. அவர்களுக்காக அமெரிக்கத் தெற்கைப் போன்ற மர வீட்டுத் திண்ணை, தெரு முனை, மதுக்கடை என்று செட்டுகள் போட்டார்கள். ஒருவர் பாடும்போது மற்றவர்கள் பக்கத்தில் அமர்ந்து கேட்பதுபோல நடித்தார்கள். ஜெர்மானியப் பார்வையாளரின் கற்பனையில் இருந்த ப்ளூஸ் உலகம் அங்கே அட்டையிலும் மரத்திலும் எழுந்து நின்றது.

செட் செயற்கையானது. அதற்குள் நடந்த வாசிப்பு மெய்யானது. 1964-இல் பதிவான ஹௌலிங் வுல்ஃப் காட்சிகளைப் பார்த்தால் இது விளங்கும். பெரிய உடல்வாகு கொண்ட வுல்ஃப், கரகரத்த குரலில் ஒரு வரியை உடைத்துப் போடுகிறார். பின்னால் நிற்கும் ஹியூபர்ட் சம்லின் மீட்டு வில்லை எதுவும் இன்றி வெறும் விரல்களால் கம்பிகளைச் சுண்டி, அந்த வரியின் இடைவெளியில் ஒரு சின்ன சொற்றொடரை வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். சன்னிலேண்ட் ஸ்லிம் பியானோவையும், டிக்சன் பேஸையும், கிளிஃப்டன் ஜேம்ஸ் டிரம்ஸையும் பார்த்துக்கொள்கிறார்கள். இசைத்தட்டில் கேட்கும்போது சம்லினின் ஓசை எங்கிருந்து எப்படி வருகிறது என்று ஊகிக்கத்தான் முடியும்; படத்தில் அவருடைய விரல்கள் தெரிகின்றன. கிட்டார் கற்கும் மாணவருக்கு அந்தச் சில நிமிடங்கள் ஒரு பாடநூலுக்குச் சமம்.

அந்தக் காலத்தில் தொலைக்காட்சி நிறுவனங்கள் பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது வழக்கம். எத்தனையோ நிகழ்ச்சிகள் அப்படி அழிந்தன. பாடன்-பாடன் பதிவுகள் தப்பின. 2003 முதல் ரீலிங் இன் தி இயர்ஸ் நிறுவனம் அவற்றைத் தேடி எடுத்து டிவிடி தொகுதிகளாக வெளியிட்டது. ஹார்மோனிகாவைச் சிகாகோ ப்ளூஸின் முன்னணிக் கருவியாக்கிய லிட்டில் வால்டர் 1967 பயணத்தில் கலந்துகொண்டார். 1968 பிப்ரவரியில் இறந்தார். அவர் வாசிப்பதைக் கண்ணால் காணும் அரிய வாய்ப்பை இந்த விழாப் படங்களே தருகின்றன.

நியூபோர்ட் நாட்டுப்புற விழா: மறுபடி கிடைத்த குரல்கள்

1963-இல் புத்துயிர் பெற்ற நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இயங்கியது. புகழ்பெற்றவரும் புதியவரும் ஒரே ஊதியம் பெற்றார்கள்: 50 டாலரும் செலவுத் தொகையும். எஞ்சிய பணம் நாட்டுப்புறக் கலைக்கும் களப்பணிக்கும் போனது. நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் இந்த ஏற்பாட்டின் முன்னோடிகளில் ஒருவர்.

இங்கே ப்ளூஸ் பதிவின் நோக்கம் மீட்பு. 1928-இல் சில தட்டுகள் பாடிவிட்டு ஊரில் பண்ணை வேலைக்குத் திரும்பிய மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை, அவருடைய ஒரு பாட்டில் வந்த அவலான் என்ற ஊர்ப்பெயரைத் துப்பாகக் கொண்டு டாம் ஹாஸ்கின்ஸ் 1963-இல் கண்டுபிடித்தார். அதே ஆண்டு ஹர்ட் நியூபோர்ட் மேடையில் பாடினார். 1931-இல் பாரமவுன்ட் நிறுவனத்துக்காகப் பாடிய ஸ்கிப் ஜேம்ஸை 1964 கோடையில் ஜான் ஃபாஹி உள்ளிட்ட மூன்று இளைஞர்கள் மிசிசிப்பியின் டூனிகாவில் ஒரு மருத்துவமனையில் கண்டார்கள். சில வாரங்களில் அவரும் நியூபோர்ட்டில் பாடினார். வான்கார்டு நிறுவனம் 1963, 1964 விழாக்களின் ப்ளூஸ் பகுதிகளைத் தனி எல்பிகளாக வெளியிட்டது.

ஸ்கிப் ஜேம்ஸின் அந்தப் பதிவில் இசையோடு காலமும் கேட்கிறது. முப்பதாண்டுக்கு மேல் பொது மேடை ஏறாத ஒருவரின் உச்சக் குரல், திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் முன் சிறிதும் உடையாமல் எழுகிறது. பாரமவுன்ட் தட்டுகளில் உள்ள இரைச்சலுக்கு அடியிலிருந்து கேட்ட குரல், இங்கே மூச்சோடும் கிட்டார்க் கம்பியின் அதிர்வோடும் கிடைக்கிறது. இப்படிப் பழைய தட்டையும் விழாப் பதிவையும் ஒப்பிட்டு, ஒரு கலைஞரின் பாணியில் எது நிலைத்தது, எது மாறியது என்று ஆராய வான்கார்டு பதிவுகள் வழி செய்தன.

ஆனால் இங்கும் ஒரு தேர்வு நடந்தது. விழா விரும்பியது மர கிட்டார், முதிய கலைஞர், கிராமம். அதே ஆண்டுகளில் சிகாகோவில் ஓட்டிஸ் ரஷ், மேஜிக் சாம், ஜூனியர் வெல்ஸ் போன்ற இளையவர்கள் கறுப்பின மக்களுக்காக அன்றாடம் வாசித்த மின் ப்ளூஸுக்கு அந்த எல்பிகளில் இடமில்லை. அவற்றை மட்டுமே கேட்டவர் ப்ளூஸ் முடிந்துபோன ஒரு கலை என்று நினைக்கக்கூடும். 1965-இல் பால் பட்டர்ஃபீல்டின் மின் ப்ளூஸ் குழுவை ஆலன் லோமாக்ஸ் அலட்சியமாக அறிமுகப்படுத்தியதும், அதற்காக மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மனோடு அவருக்குக் கைகலப்பு ஆனதும் இந்த முரண்பாட்டின் வெளிப்பாடுகள்.

ஆன் ஆர்பர் 1969: மாணவரின் கேசட்

1969 ஆகஸ்ட் 1 முதல் 3 வரை, உட்ஸ்டாக் விழாவுக்கு இரண்டு வாரம் முன்னதாக, மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் ஆன் ஆர்பரில் ஒரு ப்ளூஸ் விழாவை நடத்தினார்கள். கேரி கார்டன், ஜான் ஃபிஷெல் முதலிய மாணவர்கள் முன்னின்றார்கள். மடி வாட்டர்ஸ், ஹௌலிங் வுல்ஃப், பி. பி. கிங், சன் ஹவுஸ், லைட்னின் ஹாப்கின்ஸ், பிக் மாமா தார்ன்டன், டி-போன் வாக்கர், ஓட்டிஸ் ரஷ், ஃபிரெடி கிங், கிளிஃப்டன் ஷெனியே என நீளும் பட்டியலில் கிராமமும் நகரமும், முதியவரும் இளையவரும் ஒரே மேடையில் நின்றார்கள். நியூபோர்ட் நாட்டுப்புற விழா பிரித்து வைத்ததை ஆன் ஆர்பர் சேர்த்து வைத்தது.

இத்தனை பெரிய விழாவுக்கு அப்போது அதிகாரபூர்வமான ஆல்பம் எதுவும் வெளிவரவில்லை. ஜானின் சகோதரர் ஜிம் ஃபிஷெல் ஒரு சிறிய கேசட் ரெக்கார்டரில் தனக்காகப் பதிவு செய்து வைத்திருந்தார். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட், பதிவு செய்யும் அதிகாரத்தை நிறுவனத்திடமிருந்து தனிமனிதர் கைக்கு மாற்றியது. அந்த நாடாக்களிலிருந்து தொகுத்த இரண்டு தொகுதிகளை, ஐம்பது ஆண்டு கழித்து 2019-இல் தேர்டு மேன் நிறுவனம் வெளியிட்டது.

ஒலித்தரம் குறைவு. பேஸ் சில இடங்களில் மங்குகிறது. குரல் தூரத்தில் ஒலிக்கிறது. ஆயினும் இந்தப் பதிவுக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. எந்தச் சந்தையையும் எண்ணி எடுத்ததல்ல இது. கலைஞர்கள் தம்மை ஆர்வத்தோடு வரவேற்ற கூட்டத்தின் முன் எப்படி வாசித்தார்கள் என்பதை, கூட்டத்தில் ஒருவர் கேட்ட கோணத்திலேயே நமக்குத் தருகிறது.

மேஜிக் சாமின் ஆன் ஆர்பர் நிகழ்ச்சிப் பதிவும் தப்பிப் பிழைத்த ஒன்றே. அதை டெல்மார்க் நிறுவனம் 1981-இல் ‘மேஜிக் சாம் லைவ்’ தொகுப்பில் சேர்த்தது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் மட்டும். டிரம்ஸில் உதவிக்கு அமர்ந்தவர் சாம் லே. ஒத்திகை பார்த்த ஒழுங்கு இதில் இல்லை. மூன்றே பேர் வாசிக்கும்போது தாளத்தையும் தனி வாசிப்பையும் ஒரே கிட்டாரில் தாங்க வேண்டிய கட்டாயம் சாமுக்கு. அந்த நெருக்கடியில் அவருடைய கை எவ்வளவு தூரம் போகும் என்பதை ஸ்டுடியோ ஆல்பங்கள் நமக்குச் சொல்லவில்லை. இந்தக் கரடுமுரடான பதிவு சொல்கிறது. 1969 அக்டோபரில் சாம் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவலோடு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலிலும் வாசித்தார். டிசம்பர் 1 அன்று 32 வயதில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய முதிர்ந்த மேடைக் கலைக்கு எஞ்சிய சான்றுகளில் இந்த விழாப் பதிவுகள் முதன்மையானவை.

1972: பதிவே திட்டமாக

1970-இல் இரண்டாம் ஆன் ஆர்பர் விழா பொருள் இழப்பில் முடிந்ததால் 1971-இல் விழா நடக்கவில்லை. 1972 செப்டம்பரில் ஜான் சின்கிளேர், பீட்டர் ஆண்ட்ரூஸ் இருவரும் அதை ‘ஆன் ஆர்பர் ப்ளூஸ் அண்ட் ஜாஸ் ஃபெஸ்டிவல்’ என்று மீட்டெடுத்தார்கள். 1970-இல் இறந்த ஓட்டிஸ் ஸ்பானின் பெயரை விழாத் திடலுக்கு வைத்தார்கள். நியூபோர்ட்டில் விடைசொல்லும் பாட்டைப் பாடியவருக்கு இன்னொரு விழா செய்த மரியாதை அது.

இம்முறை அட்லான்டிக் நிறுவனம் முறையாகப் பதிவு செய்து 1973-இல் இரட்டை எல்பி வெளியிட்டது. மடி வாட்டர்ஸ், ஹௌலிங் வுல்ஃப், ஹவுண்ட் டாக் டெய்லர், கோகோ டெய்லர், ஓட்டிஸ் ரஷ், லூதர் அலிசன், பாபி பிளாண்ட் ஆகியோரோடு சன் ராவின் ஜாஸ் குழுவும் அதில் உண்டு. ப்ளூஸை உயிருள்ள கறுப்பின இசை மரபின் ஒரு பகுதியாக வைத்துக் காட்டியது இந்தத் தொகுப்பு.

இதில் இடம்பெற்ற சிப்பி வாலஸின் பாட்டு, விழாப் பதிவுகள் ஒன்றையொன்று எப்படி ஈன்றன என்பதற்குச் சான்று. 1920-களில் ஓகே தட்டுகளில் பாடிய வாலஸ் பிறகு டெட்ராய்ட்டில் தேவாலய இசையோடு ஒதுங்கியிருந்தார். 1966-இல் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்தது. அந்தப் பயணத்தின்போது கோபன்ஹேகனில் ஸ்டோரிவில் நிறுவனம் அவரைப் பதிவு செய்தது. அந்தத் தட்டைக் கேட்ட இளம் பாடகி பானி ரேய்ட் 1971-இல் தன் முதல் ஆல்பத்தில் அவருடைய பாட்டைப் பாடினார். அடுத்த ஆண்டு ஆன் ஆர்பரில் இருவரும் சேர்ந்து பாட, அதுவும் பதிவாகியது. ஒரு விழாவில் பிறந்த தட்டு இன்னொரு விழாவின் மேடையை அமைத்துக் கொடுத்திருக்கிறது.

முடிவுரை

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் விழாப் பதிவு நான்கு நிலைகளைக் கடந்தது. நியூபோர்ட் 1960-இல் நிறுவனத்தின் வணிக முயற்சி; ஐரோப்பாவில் அரங்க மரியாதையும் தொலைக்காட்சிக் கற்பனையும்; நியூபோர்ட் நாட்டுப்புற விழாவில் மீட்பு; ஆன் ஆர்பரில் முதலில் தனிமனித ஆர்வம், பிறகு திட்டமிட்ட தயாரிப்பு. ஒவ்வொன்றும் ஸ்டுடியோத் தட்டு தராத ஒன்றைத் தந்தது. பாட்டின் நீட்சி, இசைஞர்களின் கை அசைவு, முதுமையிலும் குன்றாத குரல், கூட்டத்தின் நடுவே கேட்ட ஒலி ஆகியவை இப்பதிவுகளால்தான் நமக்குக் கிடைத்தன. அதேபோல் ஒவ்வொன்றும் எதையோ விட்டுவிட்டது. கறுப்பின மக்கள் தமக்குள் கூடிய இரவுக் கிளப்புகள் இவற்றில் எதிலுமே நேராக இல்லை. இந்த விழாக்களில் கேட்டவர்களில் பெரும்பான்மையோர் வெள்ளையினத்தவர். இதை மறந்துவிட்டு விழாப் பதிவை ப்ளூஸின் இயல்பான வாழ்க்கை என்று கொள்வது ஆய்வுப் பிழை.

நல்ல ஒலித்தரம் உள்ள பதிவுதான் நல்ல சான்று என்ற எண்ணமும் மாற வேண்டும். மேஜிக் சாமின் மங்கலான நாடா இதற்குப் போதிய ஆதாரம். ப்ளூஸை முதன்முறையாக அணுகும் வாசகர் 1960 நியூபோர்ட் பதிவில் தொடங்கி, 1964 ஹௌலிங் வுல்ஃப் காட்சிகள், அதே ஆண்டின் ஸ்கிப் ஜேம்ஸ், 1969 ஆன் ஆர்பர் என்ற வரிசையில் கேட்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால், அதை எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார் என்ற விவரத்தைப் படித்துவிட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவருக்கே இந்தப் பதிவுகள் வரலாற்று ஆவணங்களாகப் பயன்படும்.